தங்கவயல் பிள்ளைகளின் மூன்று மொழிகள்

கோலார் தங்கவயலில் பல பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், கடைத்தெருவில் தெலுங்கு கேட்கிறார்கள், பள்ளியில் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ படிக்கிறார்கள். இவர்களில் ஒருவருக்குக் கணக்கு வரவில்லை என்று முடிவு கட்டுமுன், வராதது கணக்கா, கேள்வி கேட்ட மொழியா என்று பார்ப்பவர் குறைவு.

மாறாக, கண்ணால் கற்பவர், காதால் கற்பவர் என்று மாணவர்களைப் பிரிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது. 2008இல் ஹரோல்ட் பாஷ்லர் உள்ளிட்ட நான்கு உளவியலாளர்கள் ஆய்வுகளை அலசிப் பார்த்தார்கள். அந்தப் பிரிவுக்கேற்பப் பாடம் நடத்தினால் கற்றல் கூடும் என்பதற்குப் போதிய சான்று கிடைக்கவில்லை.

அதற்காக எல்லாப் பிள்ளைகளும் ஒன்றுபோலக் கற்கிறார்கள் என்று ஆகிவிடாது. வாசிப்புக் குறைபாடு உண்மை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே கற்றல் குறைபாட்டை ஏற்றிருக்கிறது. மொழியும் முன்னறிவும் ஆளுக்கு ஆள் மாறுவதும் உண்மை.

அந்த மொழியையும் முன்னறிவையும் பாடத்துக்கே பயன்படுத்தலாம். 2001இல் மூடப்பட்ட தங்கவயல் சுரங்கத்தின் ஆழத்தில்தான் 1965இல் வளிமண்டல நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் பதிவாயின. அதைத் தமிழில் சொல்லி, உள்ளே உழைத்த தாத்தாவிடம் பாறையின் சூட்டைப் பற்றிக் கேட்டுவரச் சொன்னால், இயற்பியல் வீட்டுப் பேச்சாகிவிடும். ஆசிரியர்களே, மந்தம் என்று முத்திரை குத்துமுன் ஒருமுறை அந்தப் பிள்ளையின் மொழியிலேயே கேட்டுப் பாருங்கள்.