மூல நட்சத்திரத்தைப் படம் பிடிக்கலாம்

இறம்பொடைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கை நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருக்கிறாராம். அண்ணன் கல்யாண வீடு, சாமத்திய வீடு என்று படம் எடுக்கப் போகிறவர். வேலையில்லாத நாட்களில் அவருடைய டிஜிட்டல் கெமரா அலுமாரிக்குள் இருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்து திரும்பிய சித்தி கொண்டுவந்த சிறிய தொலைநோக்கி ஒன்றும் பெட்டியிலேயே கிடக்கிறது. “இவற்றை வைத்து நட்சத்திரங்களைப் படம் எடுக்கலாமா அக்கா? எங்கே தொடங்குவது?” என்று கேட்கிறார். கடைசி வரியில் இன்னொன்றும் இருந்தது. தான் மூல நட்சத்திரம் என்பதால் வந்த வரன் இரண்டும் திரும்பிப் போய்விட்டதாம். அந்த நட்சத்திரத்தைத்தான் முதலில் பார்க்க ஆசையாம்.

தோட்டங்களில் வேலை செய்கிற எனக்கு இந்தக் கடைசி வரி புதிதல்ல. “பெண் மூலம் நிர்மூலம்” என்ற ஒரு பழமொழியால் எத்தனை வீடுகளில் பெண்கள் தலைகுனிந்து நிற்கிறார்கள்! மூலம் மாமனாருக்கு ஆகாது, ஆயில்யம் மாமியாருக்கு ஆகாது, கேட்டை மூத்த மைத்துனருக்கு ஆகாது என்று பட்டியலே உண்டு. (பையனின் நட்சத்திரத்தால் மாமியாருக்குக் கேடு என்று நான் எங்கும் கேள்விப்பட்டதில்லை.) சோதிடம் நன்கு கற்ற பெரியவர்கள் சிலரே இந்தப் பழமொழி திரிந்து வந்தது என்று சொல்கிறார்கள். சந்திரன் வானத்தை ஒரு முறை சுற்றிவர 27 நாட்களுக்குச் சற்று அதிகமாகும். அந்தப் பாதையை 27 பங்காக்கி ஒவ்வொன்றுக்கும் ஒரு நட்சத்திரத்தின் பெயரை வைத்தார்கள். நாம் பிறந்த வேளையில் சந்திரன் எந்தப் பங்கில் நின்றதோ அது நம் நட்சத்திரம். ஆகவே ஏறத்தாழ 27 பெண்களில் ஒருத்தி மூலத்தில்தான் பிறப்பாள். உங்கள் தோட்டத்தில் எத்தனை பேர் வருகிறார்கள் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். சாதகத்தில் எழுதியிருக்கிற அந்த நட்சத்திரத்தை வானத்தில் காட்டுங்கள் என்று கேட்டால், பொருத்தம் பார்க்க வந்தவர்களில் எத்தனை பேர் காட்டுவார்கள்?

மூலத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. தென்வானில் தேள் போலவே தெரிகிற ஒரு கூட்டம் உண்டு. தலைப்பக்கம் அனுஷம். நெஞ்சில் சிவப்பாக மினுங்குவது கேட்டை. பிறகு வால் வளைந்து இறங்கி, கொடுக்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு நட்சத்திரங்கள் நெருக்கமாக நிற்கும். அந்த வால் நுனிதான் மூலம். இந்தத் தேள் மாலையில் நன்றாகத் தெரிவது ஜூன் முதல் செப்டெம்பர் வரை. அப்போது நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் மூடுபனியும். ஆனால் மாசி, பங்குனி மாதங்களில் விடியற்காலை 4 மணிக்கு அது தென்கிழக்கில் எழுந்து நிற்கும். வானமும் பெரும்பாலும் தெளிவாக இருக்கும். அந்த நேரத்தில் மலையகத்தில் யார் விழித்திருக்கிறார்கள்? அடுப்பு மூட்டி, ரொட்டி தட்டி, பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டிவைத்துவிட்டுப் பெரட்டுக்குப் போக வேண்டிய நம் பெண்கள்தான். வானத்தைப் பார்ப்பதற்கென்று நள்ளிரவில் தனியே வெளியே போகத் தேவையில்லை. அம்மா தண்ணீர் பிடிக்க வரும்போது முற்றத்தில் நின்றாலே போதும்.

இன்னுமொன்று. நமது இடம் இதற்கு மிகவும் வாய்ப்பானது. இறம்பொடை பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகையில் இருக்கிறது. மூலம் இங்கே உச்சிக்கு வரும்போது ஏறக்குறைய 46 பாகை உயரத்தில், அதாவது அடிவானத்துக்கும் தலைக்கு நேர் மேலுக்கும் நடுவில் நிற்கும். லண்டனில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்தோடு ஒட்டிக் கிடக்கும், பார்ப்பதே அரிது. தமிழ்நாட்டில் ஜவ்வாது மலைக் காவலூரில் வானாய்வகம் அமைத்தபோது, தென்வானத்தை நன்றாகப் பார்க்கலாம் என்பதும் அந்த இடத்தின் சிறப்பாக இருந்தது. அங்கே 1986 முதல் 2.34 மீற்றர் விட்டமுள்ள தொலைநோக்கி இயங்கிவருகிறது. நாம் அதற்கும் தெற்கே இருக்கிறோம். மூலத்தின் பக்கமாகத்தான் பால்வீதியின் மையம் இருக்கிறது, 26,000 ஒளியாண்டு தூரத்தில். வானத்திலேயே நட்சத்திரங்கள் மிகவும் செறிந்த பகுதி அது. உலகெங்கும் இரவு வானைப் படம் எடுப்பவர்கள் முதலில் தேடுவதும் இந்தப் பகுதியைத்தான். “ஆகாத நட்சத்திரம்” என்று நாம் ஒதுக்கிவைத்த மூலை அது!

இனிக் கெமராவுக்கு வருவோம். என் ஆலோசனை, தொலைநோக்கியை இப்போதைக்குப் பெட்டியிலேயே விட்டுவிடுங்கள். முதலில் வேண்டியது கெமராவும், அசையாமல் நிற்கும் முக்காலியும்தான். முக்காலி இல்லையென்றால் இரண்டு செங்கல்லும் ஒரு சிறு அரிசிப் பையும் போதும்; பையின் மேல் கெமராவைச் சாய்த்து வைக்கலாம். வேகம், துளை எல்லாவற்றையும் நாமே தீர்மானிக்கும்படி சக்கரத்தை ‘எம்’ என்ற எழுத்துக்குத் திருப்புங்கள். லென்ஸின் துளையை முழுதாகத் திறந்துவிடுங்கள். ஐ.எஸ்.ஓ. 1600 அல்லது 3200. தானாகக் குவிக்கும் வசதியை நிறுத்திவிட்டு, திரையில் ஒரு பிரகாசமான நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது மிகச் சிறிய புள்ளியாகும் வரை வளையத்தைக் கையால் திருப்புங்கள். இதில்தான் பொறுமை வேண்டும். குவியம் சற்றுப் பிசகினாலும் ஒரு புள்ளியும் சரியாக வராது.

எத்தனை விநாடி திறந்து வைப்பது? பூமி சுற்றுவதால், அதிக நேரம் திறந்தால் நட்சத்திரம் கோடாக இழுபடும். 500ஐ லென்ஸின் மில்லிமீற்றரால் வகுத்து, வரும் விடையைத் திரும்பவும் 1.5ஆல் வகுக்க வேண்டும். (நம்மவர்களிடம் இருக்கும் கெமராக்களில் பெரும்பாலும் சிறிய சென்சர்தான்; அதற்காகவே இந்த இரண்டாவது வகுத்தல்.) 18 மி.மீ. லென்ஸில் 18 விநாடி, 50 மி.மீ. லென்ஸில் 6 விநாடி வரும். நான் சொல்வேன், இன்னும் கொஞ்சம் குறைத்து 15, 5 என்றே வைத்துக்கொள்ளுங்கள். விரலால் அழுத்தும்போது கெமரா ஆடும். ஆகவே 2 விநாடித் தாமதத்தை வைத்து அழுத்திவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். 18 மி.மீ. லென்ஸில் தேள் முழுதும் அடங்கும். 50 மி.மீ.இல் வாலும் அதன் அருகே புகை போலத் தெரியும் இரண்டு நட்சத்திரக் கொத்துகளும் வரும். கைத்தொலைபேசியில் விநாடிகளை நாமே தீர்மானிக்கும் வசதி இருந்தால் அதிலும் தேளின் வடிவத்தை எடுத்துவிடலாம்.

ஒரு படத்தில் புள்ளிபுள்ளியாக இரைச்சல் தெரியும். அதற்காக மனம் தளர வேண்டாம். அதே இடத்தை அசையாமல் இருபது தடவை எடுங்கள். டீப் ஸ்கை ஸ்டாக்கர் என்ற இலவச மென்பொருள் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். நட்சத்திரம் எல்லாப் படத்திலும் இருக்கும். இரைச்சல் படத்துக்குப் படம் இடம் மாறும். ஆகவே சேர்த்துச் சராசரி எடுக்கும்போது நட்சத்திரம் நிலைத்து, இரைச்சல் அடங்கிவிடும். அண்ணனிடம் கல்யாண அல்பம் செய்யக் கணினி இருக்குமானால் அதுவே போதும்.

கேட்டைக்காரர்களுக்கும் ஒரு செய்தி. படத்தில் செம்மஞ்சளாக விழுகிற அந்தப் புள்ளி நமது சூரியனைப் போல ஏறக்குறைய 700 மடங்கு விட்டமுள்ளது. அதைச் சூரியனின் இடத்தில் வைத்தால் செவ்வாயின் பாதையையும் தாண்டி வீங்கி நிற்கும். செவ்வாய் தோஷத்துக்குப் பயப்படுகிற வீடுகளில் இதைச் சொல்லிப் பாருங்கள்.

தொலைநோக்கியை எடுக்கும் நாள் வந்தால், வளர்பிறை எட்டாம் நாள் அளவில் சந்திரனில் தொடங்குங்கள். பௌர்ணமியில் வெளிச்சம் நேராக விழுவதால் எல்லாம் சப்பையாகத் தெரியும். அரைச் சந்திரனிலோ ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் பள்ளங்களின் நிழல் நீண்டு விழும். கண்வைக்கும் இடத்தில் கைத்தொலைபேசியைப் பொருத்த ஒரு பிடி விற்கிறார்கள். அதுதான் மிகச் சுலபமான வழி. லென்ஸைக் கழற்றிவிட்டுக் கெமராவை நேராகத் தொலைநோக்கியில் மாட்ட, கெமராவின் வகைக்கு ஏற்ற டி-வளையம் வேண்டும். வாங்குமுன் கேட்டுக்கொள்ளுங்கள், சிறிய கண்ணாடித் தொலைநோக்கிகள் சிலவற்றில் குவிக்கும் குழாய் போதிய அளவு உள்ளே போகாது, படம் தெளியவே தெளியாது. பார்லோ லென்ஸ் ஒன்றை இடையில் வைத்தால் பெரும்பாலும் சரிவரும். ஐ.எஸ்.ஓ. 200, விநாடியில் 125இல் ஒரு பங்கு என்று தொடங்கி, படத்தைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள்.

நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து தானே திரும்பும் தாங்கிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விலை அதிகம். அவற்றைத் துருவ நட்சத்திரத்தை நோக்கி வைத்துத்தான் சரிப்படுத்துவார்கள். நமக்குத் துருவம் 7 பாகை உயரத்தில்தான் இருக்கும்; மலையோ சவுக்கு மரமோ மறைத்துவிடும். அத்தோடு அவ்வளவு தாழ்வாகச் சாயாத தாங்கிகளும் உண்டு. எவ்வளவு தாழ்வாகச் சாய்க்கலாம் என்று கேட்காமல் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.

ஒரு விடயத்தில் விளையாட்டே கூடாது. தொலைநோக்கியையோ கெமராவையோ சூரியனை நோக்கித் திருப்பாதீர்கள். கண்வைக்கும் பக்கத்தில் திருகுகிற கறுப்புக் கண்ணாடியை நம்ப வேண்டாம். வெப்பத்தில் வெடித்தால் ஒரு நொடியில் கண் போய்விடும். தொலைநோக்கியின் முன்வாயில் பொருத்தும் சூரிய வடிகட்டி இல்லாவிட்டால் பகலில் அதை மூடியே வையுங்கள், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகள் உள்ள வீட்டில்.

“இதெல்லாம் படித்தவர்கள் வேலை” என்று நினைப்பவர்களுக்கு வில்லியமினா பிளெமிங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்கொட்லாந்தில் 1857இல் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போன இடத்தில், வயிற்றில் பிள்ளையோடு இருந்தவரைக் கணவன் கைவிட்டான். ஹாவர்ட் வானாய்வகத்தின் இயக்குநர் பிக்கரிங் வீட்டில் அவர் வேலைக்காரியாகச் சேர்ந்தார். 1881இல் வானாய்வகத்திலேயே வேலை கிடைத்தது. வானத்தைப் பிடித்த கண்ணாடித் தகடுகளை நாள் முழுதும் உற்றுப் பார்ப்பதுதான் தொழில். கொழுந்தின் நிறம் பார்த்து முற்றலையும் இளசையும் பிரிக்கிற நமக்கு அந்தக் கண்ணின் உழைப்பு புரியும். 1888இல் எடுத்த ஒரு தகட்டில், நமது மிருகசீரிடம், திருவாதிரை இருக்கும் அதே கூட்டத்தில், இன்று குதிரைத்தலை என்று அழைக்கப்படும் கருமேகத்தைக் கண்டுபிடித்தவர் அவரே. ஆனால் அடுத்து வந்த வான அட்டவணையில் அவர் பெயர் இல்லை. இயக்குநர் பெயரில் போய்விட்டது. பிறகு திருத்தினார்கள். 300க்கும் மேற்பட்ட மாறும் நட்சத்திரங்களையும் பத்து நோவாக்களையும் அவர் கண்டார்.

அதனால்தான் எடுக்கும் ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கொப்பியில் திகதி, நேரம், விநாடி, ஐ.எஸ்.ஓ., அத்தோடு எடுத்தவர் பெயரையும் எழுதி வையுங்கள். அண்ணனின் கெமரா என்பதற்காகப் படம் அண்ணனுடையதாகிவிடாது.

வெளியே நிற்கும்போது இருவராக நில்லுங்கள். சிறுத்தை நடமாட்டம் உள்ள தோட்டங்களில் லயத்து முற்றத்தைத் தாண்ட வேண்டாம். கண் இருட்டுக்குப் பழக இருபது நிமிடம் எடுக்கும். ஆகவே டோர்ச் லைட்டின் முகத்தில் சிவப்புக் கடதாசி ஒட்டிக்கொள்ளுங்கள். தொழிற்சாலை விளக்கு கண்ணில் பட்டால் வீட்டுச் சுவரை மறைவாக்கிக்கொள்ளலாம். அமாவாசைக்கு முன்பின் நாட்கள்தான் நட்சத்திரங்களுக்கு நல்லவை. பனி லென்ஸில் படிந்தால் வாயால் ஊதாதீர்கள், இன்னும் படியும். மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள்.

நமது ஈரக் காற்றில் லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிப்பது சாதாரணம், பிடித்துவிட்டால் செலவு. சப்பாத்துப் பெட்டிகளில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து, இறுக மூடும் பிஸ்கட் டின் ஒன்றில் லென்ஸோடு போட்டு வையுங்கள். மே மாதம் மழை தொடங்கிய பிறகு வாரத்துக்கு ஒரு முறையாவது வெயில் வரும் நாளில் டின்னைத் திறந்து பாருங்கள்.