ஆறடி இடம் வேண்டும்

பக்கவாதத்திற்குப் பின் கையை உயர்த்தப் பழகுபவருக்கும், முழங்கால் அறுவைக்குப் பின் நடக்கப் பழகுபவருக்கும் பயிற்சியே நெடுநாள் மருந்து. இயன்முறை மருத்துவர் உடனிருப்பது சிறிது நேரம். வீட்டில் தாமே செய்ய வேண்டியதோ பல மாதங்கள். பிழை அங்கேதான் நுழைகிறது. கையை உயர்த்துவதாக எண்ணித் தோளை உயர்த்துவார். வலிக்கும் காலை விட்டு மற்றொரு காலில் எடையைச் சாய்ப்பார். அவருக்கே அது தெரியாது.

இப்பிழையைக் கண்டு சொல்லும் கருவி, விளையாட்டுப் பொருளாகத்தான் பிறந்தது. 2010இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட கினெக்ட், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையில் பரப்பித் தொலைவைக் கணக்கிட்டது. தோள், இடுப்பு, முழங்கால் என உடலின் 20 இடங்களைப் பின்தொடர்ந்தது. மருத்துவ ஆய்வாளர்கள் அதை விரைவிலேயே மறுவாழ்வுப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்டனர். 2017இல் அதன் உற்பத்தி நின்றது. இன்று கைப்பேசியின் கேமராவே முழங்கால் எத்தனை பாகை மடங்கியது என்று கணக்கிட்டுவிடுகிறது.

மாட்டுங்கா லேபர் கேம்பிற்கு இது வரப்பிரசாதம் என்று தோன்றலாம். சயான் மருத்துவமனை அருகிலேயே இருந்தாலும், கூலி வேலை செய்பவர் அங்குச் சென்று காத்திருந்தால் அரைநாள் கூலி போய்விடும். துணைக்குச் செல்லும் மகளுக்கும் அவ்வாறே. கருவி வீட்டில் இருந்தால் இந்த இழப்பு இல்லை. ஆனால், வீட்டில் அதற்கு இடம் ஏது? முழு உடலும் தெரிவதற்குக் கினெக்ட் 6 அடித் தொலைவு கேட்டது. கைப்பேசியும் ஏறத்தாழ அவ்வளவே கேட்கிறது. 10 அடிக்கு 10 அடி அறையில் அடுப்பு, கட்டில், தண்ணீர் டிரம் போக எஞ்சும் தரை எவ்வளவு? குறுக்கே ஒரு குழந்தை ஓடினால் கருவி தடுமாறும். புடவையின் கொசுவம் முழங்காலை மறைத்தாலும் கணக்குப் பிழைபடும். விளம்பரப் படங்களில் மட்டும் அறை எப்போதும் காலியாகவே இருக்கிறது!

ஆகவே, இக்கருவியை வீடுதோறும் விற்பதைவிட, குடியிருப்பின் நடுவே மாநகராட்சி மருந்தகத்திலோ சமூகக் கூடத்திலோ ஓர் அறை ஒதுக்கி வைப்பதே தக்கது. தாராவி மறுசீரமைப்பு பேசப்படும் இந்நாளில் அவ்வறையைக் கேட்டுப் பெறுவது மிகையான கோரிக்கையன்று. வேலை முடிந்து வருவோர்க்காக அது இரவு ஒன்பது மணிவரை திறந்திருக்க வேண்டும். கருவி தமிழிலும் மராத்தியிலும் இந்தியிலும் பேச வேண்டும். ‘முதுகை நிமிர்த்துங்கள்’ என்பது புரியாத மொழியில் ஒலித்தால் யார் நிமிர்வார்? கோணம் சரியாக இருந்தும் வலியால் முகம் சுளிப்பவரைக் கருவி பாராட்டிக்கொண்டே இருக்கும். அதனால் வாரம் ஒருமுறையேனும் இயன்முறை மருத்துவர் ஒருவர் அங்கு வந்து, ஒவ்வொருவரையும் நேரில் பார்த்துப் பயிற்சியை மாற்றித்தர வேண்டும்.