சிப்காட் புகையும் சிதம்பர ரகசியமும்

கடலூர்ல இருந்து சிதம்பரத்துக்கு பஸ்ல போறவங்களுக்குத் தெரியும். ஓ.டி. தாண்டி சிப்காட் வந்துச்சுன்னா, தூங்கிட்டு வர்றவர்கூட எழுந்து மூக்கைப் பொத்துவார். நமக்கு அது பத்து நிமிஷம். குடிகாடு, ஈச்சங்காடு ஆட்களுக்கு 1980களில் இருந்து அதுதான் காத்து.

அங்கே புற்றுநோய்னு பேச்செடுத்தா போதும், ஒரு மேதாவி வந்துடுவார். "அதெல்லாம் ஜீன் சார், பரம்பரை!" ஐயா, அப்பா அம்மாகிட்ட இருந்து வர்ற ஜீன் கோளாறால உண்டாகும் புற்றுநோய் 5 முதல் 10 சதவீதம்தான். மிச்சமெல்லாம் பிறந்த பிறகு செல்லுக்குள் நேரும் மாற்றங்கள். தானா நேர்ற பிழையும் அதுல உண்டு. பீடி, கிருமி, காத்துல வர்ற பென்சீனும் உண்டு. பென்சீனை நம்ம கல்லீரல் உடைக்கும்போது வர்ற பொருட்கள் எலும்பு மஜ்ஜையில டி.என்.ஏ.வைக் கெடுக்கும். முடிவு, ரத்தப் புற்றுநோய். அந்த நஞ்சை முறிக்கிற நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம். அப்போ ஜீனைக் காரணம் காட்டினா, புகையை இன்னும் குறைக்கணும்னுதானே அர்த்தம்?

அடுத்த வாதம் இன்னும் ஜோர். "இந்தக் கட்டி இந்தப் புகையாலதான் வந்துச்சுன்னு நிரூபி." கட்டியில கம்பெனி முத்திரையா குத்தியிருக்கும்? 1974-ல் அமெரிக்காவுல, கென்டக்கி மாநிலத்துல, வினைல் குளோரைடு புழங்கின ஒரே ஆலையில மூணு தொழிலாளிகளுக்கு ஆஞ்சியோசார்கோமாங்கிற கல்லீரல் புற்றுநோய். படு அபூர்வமான நோய், அதனால மாட்டிக்கிச்சு. எல்லா ஊர்லயும் வர்ற நுரையீரல் புற்றுநோயா இருந்திருந்தா, தலையெழுத்துன்னு புதைச்சிருப்பாங்க. தனி ஆள்கிட்ட சாட்சி கேக்கறது ஏமாத்து வேலை. ஊரை எண்ணணும்.

எண்ணினாங்களா? 2004-ல் ஊர்க்காரங்களே காத்தைப் பிடிச்சு சோதனைக்கு அனுப்பினாங்க. 22 ரசாயனம், அதுல 8 புற்றுநோய் உண்டாக்குறவை. 2007-ல் நாக்பூர் நீரி ஆய்வு, அபாயம் 2000 மடங்குன்னு சொல்லுச்சு. (ஊரே அழியும்னு இதுக்கு அர்த்தமில்லை. இந்த மாதிரி கணக்குல வழக்கமான அளவுகோல் பத்து லட்சத்துல ஒருத்தர். அதுக்கு 2000 மடங்குன்னா ஆயிரத்துக்கு ரெண்டு பேர். அந்த ரெண்டு பேர் வீட்ல போய் 'கம்மிதான்'னு சொல்லிப் பாருங்க.) 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கடலூருக்கு 77.45 மார்க் போட்டு, கடுமையா மாசுபட்ட இடங்கள் பட்டியல்ல சேர்த்துச்சு.

எல்லாம் மாசை அளந்த கணக்கு. மனுஷங்களை? 2012-லிருந்து தமிழ்நாடு முழுக்கப் புற்றுநோய்ப் பதிவேடு இருக்கு. ஆனா 2011 கணக்குப்படி 26 லட்சம் பேர் இருக்கிற மாவட்டத்தோட சராசரியில சிப்காட் ஓரத்துக் கிராமங்கள் கரைஞ்சு காணாமப் போயிடும். சிதம்பர ரகசியத்துக்காவது தீபாராதனை நேரத்துல திரையை விலக்குறாங்க!

அந்தக் கிராமங்களைத் தனியா பிரிச்சுக் கணக்கை வெளியிடணும். சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் 2021-ல் அரசுக் கைக்கு வந்தாச்சு. வர்ற நோயாளிகிட்ட எந்த ஊர், எத்தனை வருஷமா அங்கே குடியிருக்கீங்க, என்ன வேலைன்னு மூணு கேள்வி கேட்டுச் சீட்டுல எழுத எவ்வளவு செலவாகும்?