தலைமடையும் உப்பு நீரும்

கண்ணாடித் தொட்டியில் கடல்மீன் வளர்க்கும் வழக்கம் நம்மவர் சிலரிடம் உண்டு. கடலைக் கண்டறியாத சிறுவர்க்கு அஃது ஒரு நற்காட்சியாதலின், அதனைக் குறைகூறுதல் நம் கருத்தன்று. ஆயின், மீன்களின் கழிவு நீரில் சேர்ந்து கேடு செய்வதால், தொட்டிநீரில் ஒரு பகுதியை அவ்வப்போது மாற்றுதல் வேண்டும். மாற்றிய பழைய நீரை எங்கே விடுவது? 1909-இல் சென்னையில் நிறுவப்பெற்ற மீன் காட்சிசாலைக்குக் கடல் அருகே இருந்தது. கூடலூரில் வாழ்வார்க்கோ இருபுறமும் மலை. நடுவே நெல்லும் வாழையும் திராட்சையும்.

கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை 20 லிட்டர் மாற்றினால் ஒவ்வொரு முறையும் 700 கிராம்; ஆண்டிற்கு ஏறக்குறைய 17 கிலோ. இதனைக் கொல்லையில் கொட்டினால் நீர் ஆவியாகிவிடும். உப்பு மண்ணிலேயே தங்கும். அதிலுள்ள சோடியம் களிமண்ணின் கட்டமைப்பைக் குலைத்து, நீர் உள்ளிறங்காதவாறு மண்ணை இறுகச் செய்யும். உப்பேறிய மண்ணில் ஈரமிருந்தும் வேர் அதனை உறிஞ்ச மாட்டாது. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை விளையும் நாடு இது. திராட்சையோ உப்பினை அதிகம் பொறாத பயிர்.

"தென்னைக்கு உப்பு இடுகின்றோமே" என்பார் உளர். உண்மையே. அது மரத்திற்கு அளவறிந்து இடுவது. ஓரிடத்தில் ஓயாது கொட்டுவதற்கு அஃது ஆதாரமாகாது. "ஆற்றில் விட்டால் கரைந்து போகாதோ" என்பார்க்கும் விடையுண்டு. வெள்ளம் பெருகுங்கால் ஒரு வீட்டுத் தொட்டியின் உப்பை ஆறு உணராதிருக்கலாம். ஆனால் அந்நீரின் ஒவ்வொரு லிட்டரிலும் உப்பு ஒரு கிராமாகக் குறைய, இன்னும் 34 லிட்டர் நன்னீர் வேண்டும். கோடையில் வற்றிய வாய்க்காலும் கிணறும் மழைநீர்க் குழியும் அதற்கு எங்கே போகும்?

1895 முதல் மலையைக் குடைந்த வழியே வரும் பெரியாற்று நீர், கம்பம் பள்ளத்தாக்கைக் கடந்து, 1959-இல் திறக்கப்பெற்ற வைகை அணையை அடைந்து, மதுரை வரை வயலுக்கும் வாய்க்கும் உதவுகின்றது. கூடலூர் அந்நீரின் தலைமடை. தலைமடையில் நிற்பவன் செய்வது கடைமடையானுக்குத் தெரியாது. ஆயினும் அதன் பயனை நுகர்பவன் அவனே.

ஆதலின் செய்யத்தக்கது எளிது. இரை அளவாயிருப்பின் நீர்மாற்றம் குறையும். பழைய நீரை அகன்ற பிளாஸ்டிக் தட்டங்களில் ஊற்றி, மழை படாது மொட்டைமாடி வெயிலில் வற்றவிடுக. எஞ்சிய உப்பைப் பையிலிட்டு நகராட்சிக் குப்பையில் சேர்க்க. உணவிற்கோ கால்நடைக்கோ உதவாது. கடற்கரையூர்களில் வாழும் பழைய மாணவர்களும் கடலருகே இருக்கின்றோமென எண்ணி நேரே கடலில் விடலாகாது. 1984-இல் மொனாக்கோ காட்சிசாலையின் கீழே கடலில் சிறு திட்டாகக் காணப்பட்ட அயற்பாசியொன்று, பின்னர் மத்தியதரைக் கடலில் ஆயிரக்கணக்கான ஏக்கரில் பரவிற்று. மன்னார் வளைகுடாவின் பவளத் திட்டுகளுக்கு அந்நிலை வரலாகாது.

அழகிற்கென ஒரு சிறு கடலை வீட்டிற்குள் கொணர்பவர், அதன் உப்பிற்கும் தாமே பொறுப்பேற்றல் முறைமை.