நாற்பது வளைவு தாண்டிப் பக்கத்துப் பள்ளி

பிள்ளைகள் இல்லாத பள்ளிக்கு ஆசிரியர் எதற்கு, கட்டடம் எதற்கு? மலைப்பகுதிப் பள்ளிகளைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இந்தக் கேள்வியில் வந்து நிற்கிறது. 2019-ல் ஒரு மாணவர்கூட இல்லாத 46 பள்ளிகளை நூலகங்களாக்கப் போவதாகத் தமிழக அரசு அறிவித்தது. பூஜ்யத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஐம்பது அறுபது பேர் படிக்கும் உயர்நிலைப் பள்ளியையும் அதே வரிசையில் நிறுத்தி, ‘பக்கத்துப் பள்ளியோடு இணைத்துவிடலாம்’ என்கிறார்களே, தகராறு அங்கேதான். வால்பாறை எஸ்டேட்டுகளை வைத்தே பேசுவோம்.

மலையில் பிள்ளைகளே இல்லை என்கிறார்கள். பாதி உண்மை. 2001 கணக்கெடுப்பில் 95 ஆயிரத்தை ஒட்டியிருந்த வால்பாறையின் மக்கள்தொகை 2011-ல் 71 ஆயிரத்துக்கு இறங்கிவிட்டது. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் வேலை செய்தால்தான் லைன் வீடு, அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்பு, தங்கும். அப்படிப்பட்ட ஊரில் படித்த பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போகாமல் என்ன செய்வார்கள்? ஆனால் அவர்கள் விட்டுப்போன வீடுகள் எல்லாம் பூட்டிக் கிடக்கவில்லை. ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் வந்தவர்கள் குடும்பத்தோடு இருக்கிறார்கள். சிறுத்தை தாக்கிய செய்தி வரும்போது அந்தக் குடும்பங்களின் சொந்த மாநிலம் நாளிதழில் அடிபடுகிறது. அதே குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிப் பதிவேட்டில் அத்தனை எளிதாக ஏறிவிடுவதில்லை. தமிழ் தெரியாத பதின்மூன்று வயதுப் பையனை எட்டாம் வகுப்பில் எப்படி உட்காரவைப்பது என்று யோசிப்பதைவிட, அவனை எண்ணாமல் விடுவது சுலபம்.

அடுத்தது, பெற்றோருக்கே அரசுப் பள்ளி வேண்டாம் என்ற வாதம். இதைச் சொல்பவர்கள் காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிவிடுகிறார்கள். ஆகஸ்ட் 1-ஆம் தேதி நிலவரப்படி மாணவர்களை எண்ணிப் பணியாளர் நிர்ணயம் செய்வார்கள். எண்ணிக்கை குறைந்திருந்தால் ஒரு பணியிடம் ‘உபரி’ ஆகும். அதில் இருந்த ஆசிரியர் பணிநிரவலில் வேறு பள்ளிக்குப் போவார். கணக்கு ஆசிரியர் மாறுதல் வாங்கிக் கீழே இறங்கினார் என்றால், அந்த இடத்தைக் கேட்டு மலையேறி வர ஆள் கிடைப்பது கஷ்டம். பிறகு அறிவியல் ஆசிரியரே கணக்கும் எடுப்பார். தலைமை ஆசிரியர் பணியிடம் காலியானால் பொறுப்பும் அவர் தலையில்தான். மாதத்தில் நாலு நாள் கூட்டம், பதிவேடு, இணையத்தில் விவரம் ஏற்றுவது. பத்தாம் வகுப்பில் பிள்ளை வைத்திருக்கும் தகப்பன் இதை எத்தனை மாதம் பார்த்துக்கொண்டிருப்பார்? கடன் வாங்கியாவது டி.சி. வாங்கிக்கொண்டு போய்விடுவார். அடுத்த ஆகஸ்டில் எண்ணிக்கை இன்னும் குறையும். இதற்குப் பெயர் பெற்றோரின் விருப்பமாம்! 2021-ல் கொரோனாவால் வருமானம் போனபோது லட்சக்கணக்கான பிள்ளைகள் தமிழகத்து அரசுப் பள்ளிகளுக்குத் திரும்பி வந்தார்கள். அரசுப் பள்ளி என்றாலே வேண்டாம் என்று நினைப்பவர்கள் அப்படி வருவார்களா?

செலவுக் கணக்குக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. ஒரு மாணவருக்கு இவ்வளவு ஆகிறது என்று வகுத்துக் காட்டுகிறார்கள். தேர்தலைப் பாருங்கள்: வாக்காளர் எவரும் 2 கி.மீ.க்கு மேல் நடக்கக் கூடாது என்பது தேர்தல் ஆணையத்தின் விதி. குஜராத்தின் கிர் காட்டில் ஒரே ஒரு வாக்காளருக்காகச் சாவடி அமைத்த கதை நமக்கெல்லாம் பெருமை. அங்கே யாரும் தலைக்கு எவ்வளவு என்று வகுத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பள்ளியை மூடினால் செலவு மறைந்துவிடுவதும் இல்லை. அரசின் ஏட்டிலிருந்து தொழிலாளியின் தினக்கூலிக்கு இடம் மாறுகிறது, அவ்வளவுதான்.

பெரிய பள்ளியில் ஆய்வகம் உண்டு, நூலகம் உண்டு, பாடத்துக்கு ஓர் ஆசிரியர் உண்டு என்ற வாதம்தான் கனமானது. ஒப்புக்கொள்கிறேன், உண்டு. போய்ச் சேர வேண்டுமே! சில எஸ்டேட்டுகளுக்குப் பக்கத்துப் பள்ளி என்பது வால்பாறை டவுன். விடுதியோடு கூடிய இடம் தேடினால் பொள்ளாச்சிவரை இறங்க வேண்டிவரும். வால்பாறையிலிருந்து 64 கி.மீ., ஆழியாறு போய்ச் சேரும் முன் 40 கொண்டை ஊசி வளைவு. பத்தாம் வகுப்புக்கு மாலையில் சிறப்பு வகுப்பு வைப்பார்கள். அது முடிந்து பஸ் பிடித்து, ரோட்டோரம் இறங்கி, தேயிலைக்கு நடுவே லைன் வீட்டுக்கு நடக்கும்போது இருட்டிவிடும். யானை நடமாடும் நேரம் அது. அம்மா அப்போதுதான் கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்திருப்பாள். மகனை எப்படியோ அனுப்பிவிடுவார்கள்; ‘பொம்பளப் புள்ள, எட்டாவது போதும்’ என்ற பேச்சு அந்த இருட்டில்தான் பிறக்கிறது.

சட்டமும் இங்கே கைகொடுப்பதில்லை. 1951-ன் தோட்டத் தொழிலாளர் சட்டம், கல்வி வசதி செய்யும் பொறுப்பை நிர்வாகத்தின் மேல் சுமத்த வழிவிட்டது ஆறு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும். 2009-ன் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. உயர்நிலைப் பள்ளி 5 கி.மீ.க்குள் இருக்க வேண்டும் என்பது ஒரு திட்டத்தின் இலக்காக இருந்ததே தவிர, பிள்ளையின் உரிமையாக இருந்ததில்லை. ஒன்பதாம் வகுப்புக்காரிக்கு வழக்குப் போடக்கூட ஒரு பிரிவு கிடையாது. ஆடி மழை வலுத்தால் வால்பாறை வட்டத்துக்கு மட்டும் தனியாக விடுமுறை விடும் அரசுக்கு, மலையும் சமவெளியும் ஒன்றல்ல என்பது தெரியாததில்லை. தலை எண்ணும்போது மட்டும் மறந்துபோகிறது.

கடைசியில் மிஞ்சுவது, தேய்கிற ஊரில் பள்ளி தேய்வது இயற்கைதானே என்ற பெருமூச்சு. இயற்கை என்று விட்டுவிடாத ஊர்களும் உண்டு. ஜப்பானின் ஷிமானே மாகாணத்தில் ஓகித் தீவுகள் இருக்கின்றன. இளைஞர்கள் வெளியேறி, முதியவர்கள் மிஞ்சிய இடம். அவற்றில் தோசென் எனப்படும் மூன்று தீவுகளுக்கும் இருக்கும் ஒரே மேல்நிலைப் பள்ளி ஓகி தோசென். 2008 வாக்கில் மாணவர்கள் தொண்ணூறுக்குக் கீழே போய், இணைப்புப் பட்டியலில் ஏறும் நிலை. பள்ளி போனால் குடும்பங்களும் போய்விடும் என்று ஊராட்சிகள் கணக்குப் போட்டன. ஊர்ச் செலவில் ஒரு கற்றல் மையம் திறந்தார்கள். தீவின் பிரச்சினைகளையே பாடமாக்கினார்கள். பெருநகரப் பிள்ளைகளை ‘தீவில் வந்து படியுங்கள்’ என்று அழைத்து விடுதியில் தங்கவைத்தார்கள். பத்தாண்டுக்குள் எண்ணிக்கை ஏறத்தாழ இரண்டு மடங்கு. வால்பாறைக்கு டோக்கியோ பிள்ளைகள் வர வேண்டியதில்லை. லைன் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பிள்ளை வந்தால் போதும்.

எனவே கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. எந்த உயர்நிலைப் பள்ளியையும் மூடும் முன், அங்கே கணக்கு ஆசிரியர் பணியிடம் எத்தனை மாதம் காலியாகக் கிடந்தது என்பதை வெளியிடட்டும். வடமாநிலக் குடும்பங்களையும் சேர்த்து லைன் லைனாகப் பிள்ளைகளை எண்ணட்டும். இரண்டு மூன்று சிறு பள்ளிகளுக்குப் பொதுவாக ஒரு கணக்கு ஆசிரியரையும் ஒரு ஜீப்பையும் கொடுத்து மூன்று கல்வியாண்டு ஓட்டிப் பார்க்கட்டும். அப்படியும் வகுப்பறை காலியாகவே இருந்தால் மூடுவதைப் பற்றிப் பேசலாம்.