ஒரு ராத்திரி பொறுத்திருங்கள்



யட்டியாந்தோட்டைப் பக்கத்துத் தோட்டப் பள்ளி ஒன்றின் ஆசிரியை போன மாதம் ஒரு படம் அனுப்பியிருந்தார். மழை விட்ட விளையாட்டுத் திடல். புல்லில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைக் காளான்கள், யாரோ கயிறு பிடித்து நட்டதுபோல வட்டமாக. நடுவே இரண்டு பொடியன்கள் பல் தெரிய நிற்கிறார்கள். "ஐயா, இதைக் கறி வைக்கலாமா? பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோக நிற்குதுகள்."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். குடையின் நடுவில் தவிட்டு நிறச் செதில்கள், தண்டில் ஒரு வளையம். எனக்குச் சந்தேகம் தட்டியது. "யாரும் கொண்டுபோக வேண்டாம் டீச்சர். ஒரே ஒரு காளானை மட்டும் அடியோடு தோண்டி எடுத்து வையுங்கள். ராத்திரிக்கு ஒரு வேலை இருக்கிறது" என்று பதில் போட்டேன்.

என் அப்பாயிக்குக் காளானில் ஒன்றே ஒன்றுதான் தெரியும். சித்திரை இடிமழை இரண்டு நாள் கொட்டி ஓய்ந்ததும் றப்பர் மலைக்குப் போவார். பால் வெட்டும் நிரையிலிருந்து கொஞ்சம் தள்ளி ஒரு கறையான் புற்று. அங்கே மட்டும்தான். குடையின் உச்சியில் சிறு கூர் இருக்கும். தண்டு மண்ணுக்குள் வாலாக மெலிந்து இறங்கிக்கொண்டே போகும். அந்த வால் அறுந்துவிடாமல் இருக்க விரலாலேயே மண்ணைப் பறிப்பார். "வால் எங்க போகுது பாரு, புத்துக்குள்ள. அப்ப இது நம்ம ஆளு" என்பார். கான் ஓரத்திலும் மட்கிப்போன கட்டையிலும் முளைத்ததை நாங்கள் பறித்துக்கொண்டு ஓடினால் திரும்பியும் பார்க்கமாட்டார். "அது யாரோ, எனக்குத் தெரியாது சாமி."

அந்த வால் முடியும் இடத்தில் கறையான்களின் தோட்டம் இருக்கிறது. காய்ந்த மரத்தையும் சருகையும் மென்று அடைபோல் கட்டி, அதில் பூஞ்சையைப் பயிரிட்டு உண்கின்றன. (அவற்றுக்கும் விடிய எழுந்து பெரட்டுக்குப் போகும் வழக்கம் உண்டோ என்னவோ.) அந்தப் பயிர் மண்ணைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்து குடை விரிப்பதைத்தான் நாம் கறி வைக்கிறோம். புற்றுக்குள் பூஞ்சை வளரும் சங்கதியை 1779 இலேயே எழுதிவைத்தவர் தரங்கம்பாடியில் வைத்தியராக இருந்த கோனிக். நம் பாட்டன்மாரில் பலர் புறப்பட்டு வந்த தஞ்சாவூர்ச் சீமைப் பக்கம்தான் அது. 1905 இல் பேராதனைக்கு வந்த பூஞ்சையியலாளர் டொம் பெட்ச், மறு வருடமே இங்கத்தைய புற்றுப் பூஞ்சைகளைப் பற்றி விரிவாக எழுதினார். பின்னாளில் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் முதல் பணிப்பாளரானவரும் அவரே. 1942 இல் பிரெஞ்சுக்காரர் ரொஜர் ஹைம் இந்தப் பேரினத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் என்று பெயர் சூட்டினார். இத்தனை படிப்புக்குப் பிறகும் இதைக் கொட்டிலில் வளர்த்துச் சந்தைக்கு அனுப்பும் கைவாகு கறையானைத் தவிர யாருக்கும் வரவில்லை.

சிங்களத்தில் காளானுக்குப் 'பிம்மல்' என்று பெயர், மண்ணில் பூக்கும் மலர். பழந்தமிழிலும் காளான் முளைப்பதில்லை, 'பூக்கும்'. குமணனைப் பாடிய புறநானூற்றுப் பாட்டில் பல நாள் சமைக்காத அடுப்பில் அது பூத்துக் கிடக்கிறது.

ஆனால் பூப்பதெல்லாம் கறியாகாது. 2022 ஏப்ரலில் அசாமில் சில நாட்களுக்குள் 13 பேர் காட்டுக் காளான் சாப்பிட்டு இறந்தார்கள். பெரும்பாலும் தேயிலைத் தோட்டக் குடும்பங்கள். செய்தியை வாசித்தபோது நம் லயங்கள்தான் கண்ணில் வந்தன. கொழுந்துக் கூடையும் அரைவயிறு கறியும் எங்கேயும் ஒன்றுதான்.

காளான்களில் மிகக் கொடியவை அமானிட்டா குடும்பத்தில் இருக்கின்றன. தின்ற உடனே ஒன்றும் தெரியாது. ஆறு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம் கழித்து வாந்தியும் பேதியும் பிடிக்கும். பிறகு ஒரு நாள் விட்டுக்கொடுக்கும். 'சரியாகிவிட்டது' என்று வீட்டுக்குத் திரும்பிய நேரத்தில் உள்ளே ஈரல் கெட்டுக்கொண்டிருக்கும். கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு போகாது. சோறு போட்டுப் பார்ப்பது, வெள்ளிக்காசு போட்டுப் பார்ப்பது, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்பது எல்லாம் வெறும் பேச்சு. நமக்கு எமனாகும் காளானை நத்தை சாவகாசமாக மேய்ந்துவிட்டுப் போகும்.

அமானிட்டாவின் அடித்தண்டு ஒரு பைக்குள் இருக்கும். நம் பெண்களின் விரல் கொழுந்து ஒடித்துப் பழகிய விரல். காளானையும் அப்படி இடையில் ஒடித்தால் பை மண்ணிலேயே தங்கிவிடும், அடையாளமும் அங்கேயே போய்விடும். அதனால்தான் தோண்டச் சொல்கிறேன். மண்ணிலிருந்து முட்டைபோல் எழும் உருண்டைக் காளான் கிடைத்தால் நடுவே கீறிப் பாருங்கள். உள்ளே குடையும் தண்டும் கோடு கோடாகத் தெரிந்தால் அதுவும் விரியாத அமானிட்டாவாக இருக்கலாம். மாட்டுச் சாணத்தில் முளைப்பதை நம்மவர்கள் தொடுவதில்லை, நல்ல வழக்கம். அவற்றில் கிள்ளினால் நீலம் பாயும் ஒன்று உண்டு. தின்றால் புத்தி தடுமாறும். 1871 இல் அதற்கு அறிவியல் பெயர் வைத்ததே இலங்கையில் எடுத்த காளானைப் பார்த்துத்தான்.

இனி ராத்திரி வேலைக்கு வருகிறேன். ஆசிரியையிடம் வெள்ளைத் தாளும் கறுப்புத் தாளும் கேட்டேன். கறுப்பு இல்லை. நம் சஞ்சிகையின் போன இதழ் அட்டை பாதி கறுப்பு, பாதி வெள்ளை என்பது அவருக்குத்தான் நினைவு வந்தது. தண்டை நீக்கி, குடையின் மடல்கள் கீழே இருக்கும்படி, இரண்டு நிறத்திலும் சரிபாதி விழுமாறு அட்டையில் கவிழ்த்து, மேலே ஒரு கோப்பையை மூடி அலமாரியில் வைத்தார். ராத்திரி முழுக்க மடல்களுக்கு இடையிலிருந்து வித்துத் தூள் உதிரும். கையால் தொட்டால் மாவைவிட மெல்லியது. வெள்ளைத் தூள் கறுப்பில் தெரியும், மற்ற நிறங்கள் வெள்ளையில் தெரியும். அப்பாயியின் ஆளாக இருந்தால் வெளிர் ரோஜா நிறம். அமானிட்டா என்றால் வெள்ளை.

காலை ஆறரைக்கு வந்த படத்தில், சக்கரத்து ஆரங்கள்போல் கோடு கோடாக, காய்ந்த பாசியின் பச்சை.

பச்சைத் தூள் காளானில் அபூர்வம். இது குளோரோஃபில்லம் மொலிப்டைட்டிஸ். புல்தரை, பங்களா முற்றம், மைதானம் எல்லாம் இதன் வீடு. இளசில் மடல் வெள்ளையாக இருப்பதால் ஏமாந்துபோவோர் உலகம் முழுக்க உண்டு. தின்ற ஒன்றிரண்டு மணி நேரத்தில் குடலைப் புரட்டிவிடும். பெரியவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். சிறுபிள்ளைக்கு உடம்பின் நீர் வற்றினால் ஆபத்து.

ரோஜா நிறம் விழுந்துவிட்டது என்று யாரும் சட்டியை ஏற்றிவிடாதீர்கள். கொல்லாமல் கொல்லும் காளான்களிலும் ரோஜாத் தூள் உண்டு. நிறம், வால், புற்று, கூர் எல்லாம் சேர வேண்டும், பக்கத்தில் தெரிந்த ஒருவரும் இருக்க வேண்டும். முதல் வருடம் முழுக்கப் பார்த்து எழுதிவைத்தாலே போதும். யாராவது தின்றுவிட்டால் வாந்திக்குக் காத்திருக்காமல் 1990 சுவசெரிய அம்புலன்ஸை அழையுங்கள். மிச்சக் காளானை வீசாமல், கறியாக இருந்தாலும், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

நேற்று அந்த ஆசிரியையிடமிருந்து இன்னொரு செய்தி. வகுப்பில் ஐந்து அட்டைகள் காய்கின்றனவாம், பழைய இதழ்கள் தீர்ந்துவிட்டனவாம். "வாசிக்க முடியாத இதழ் இருந்தாலும் அனுப்புங்கள் ஐயா, அட்டை மட்டும் கறுப்பாக இருந்தால் சரி."

அன்புடன்,
ஆசிரியர்