படிவத்தில் விழுந்த வாக்கு

மலாயா விடுதலை பெறலாமா என்று மக்களிடம் யாரும் தனியாக வாக்குக் கேட்கவில்லை. 1955 ஜூலை 27-இல் நடந்த கூட்டரசுத் தேர்தல்தான் அந்த வேலையைச் செய்தது. நான்கு ஆண்டுக்குள் மெர்டேக்கா, அதாவது விடுதலை, என்று சொல்லிக் களமிறங்கிய அம்னோ தலைமைக் கூட்டணி, 52 இடங்களில் 51-ஐ வாரிக்கொண்டது. கிரியான் மட்டும் இஸ்லாமியக் கட்சிக்குப் போனது. அம்னோவைத் தோற்றுவித்த டத்தோ ஓன் ஜாபார், வேறு கட்சியில் நின்று சொந்த மாநிலமான நம் ஜொகூரிலேயே தோற்றார். இந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டுதான் கூட்டணித் தலைவர் துங்கு அப்துல் ரகுமான் 1956 ஜனவரியில் லண்டன் பேச்சுக்குப் போனார். பிப்ரவரி 20-இல் மலாக்கா திடலில் விடுதலை நாளை அறிவித்தார்.

முடிவு வந்த பிறகு நாடே கைதட்டியது என்பது பள்ளிப் பாடநூலின் கதை. ஜொகூரில் அப்படி நடக்கவில்லை. 1955 செப்டம்பரில் தம் வைர விழாவில் பேசிய சுல்தான் இப்ராகிம், விடுதலை கேட்பது எளிது, அதைக் காக்கப் படையும் கப்பலும் எங்கே என்ற பொருளில் ஐயத்தை வெளிப்படையாகவே எழுப்பினார். கூட்டரசோடு சேராமல் ஜொகூர் தனித்தே நிற்கட்டும் என்று ஒரு மலாய் இயக்கமும் கிளம்பியது. அது நிலைக்கவில்லை. ஆனாலும் 51 இடங்கள் என்ற கணக்குக்குள் அடங்காத குரல்கள் அரண்மனையிலும் இருந்தன, தெருவிலும் இருந்தன என்பதற்கு இது சான்று.

தமிழர் வாழ்ந்த ரப்பர் தோட்டத்தில் என்ன பேசிக்கொண்டார்கள்? அதற்குப் பதில் தேடினால் முதலில் வாக்காளர் பட்டியல் வந்து வழிமறிக்கிறது. 1955-இல் வாக்களிக்கப் பதிந்தவர்களில் சுமார் 84 விழுக்காட்டினர் மலாய்க்காரர்கள், 11 விழுக்காட்டினர் சீனர்கள். இந்தியர்கள் 5 விழுக்காடுகூட இல்லை. மக்கள்தொகையில் நூற்றுக்குப் பதினொருவராக இருந்தவர்கள் நாம். 1948 கூட்டரசு ஒப்பந்தம் குடியுரிமையின் வாசலைக் குறுக்கியது. 1952-இல் கொஞ்சம் தளர்த்தினார்கள், அவ்வளவுதான். நம் சிம்பாங் ரெங்கம், குளுவாங், யோங் பெங் வட்டாரம், கம்யூனிஸ்டுக் கிளர்ச்சியை ஒடுக்க வந்த அவசரகாலத்தின் கெடுபிடி மிகுந்த பகுதி. முள்வேலிக்கும் ஊரடங்குக்கும் நடுவே காலையில் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, நிறுவை முடிந்து லயத்துக்குத் திரும்பியவர்களில் பெரும்பாலோருக்கு அந்த ஜூலைத் தேர்தல் அடுத்த வீட்டுக் கல்யாணம். மேளச் சத்தம் கேட்டது, பத்திரிகை வரவில்லை.

ஆகவே தோட்டத் தமிழரின் தீர்ப்பை 1955 பெட்டியில் தேடுவது வீண். நாம் வாக்களித்தது அதற்கு இரண்டு ஆண்டு கழித்து, வேறொரு காகிதத்தில்.

1957 ஆகஸ்டு 31 முதல் பிறக்கும் குழந்தைக்கு மண்ணே குடியுரிமை தரும் என்று புதிய அரசமைப்புச் சட்டம் சொன்னது. ஏற்கெனவே பிறந்துவிட்டவர்கள் மனுப்போட வேண்டும். இங்கே பிறந்தவர் என்றால் முந்திய ஏழு ஆண்டில் ஐந்து ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். கடல் கடந்து வந்தவர் என்றால் பன்னிரண்டில் எட்டு. மலாய் மொழித் தேர்வு உண்டு. ஆனால் முதல் ஓராண்டுக்குள் மனுப்போட்டவர் பலருக்கு அது கிடையாது. அந்த ஓராண்டுதான் நம்முடைய பொதுவாக்கெடுப்பு. சுவரொட்டி இல்லை, ஒலிபெருக்கி இல்லை. ஒரு படிவம், ஒரு உறுதிமொழி, எழுதத் தெரியாதவருக்குக் கைநாட்டு.

‘ஆம்’ என்று சொன்னவர்கள் கணிசமான பேர். 1959 தேர்தலில் இந்திய வாக்காளர் பங்கு ஏழு விழுக்காட்டைத் தாண்டியதே அதைக் காட்டும். தெற்கே சிங்கப்பூரில் அதே காலத்தில் கோ. சாரங்கபாணி குடியுரிமை எடுங்கள் என்று தம் தமிழ் முரசு இதழ் வழியாகவும் நேரிலும் மன்றாடிக்கொண்டிருந்தார். ‘வேண்டாம்’ என்றவர்களை அறியாமைக்காரர் என்று ஒதுக்குவது நம் மேடைப் பேச்சாளர்களின் பழக்கம். அதில் நமக்கு உடன்பாடில்லை. ஊரில் வயதான தாய், கரையேற்ற வேண்டிய தங்கை, பங்கு பிரியாத அரைக் காணி. கையெழுத்துப் போட்டால் அதெல்லாம் கைவிட்டுப் போகுமோ என்று கணக்குப் போட்டவர் முட்டாள் அல்லர். ஒரு நாள் வேலையை விட்டு அலுவலகம் போனால் அன்றைய கூலி இல்லை. பிறந்ததற்குச் சான்று கேட்டால், ஆயாக்கொட்டகையில் வளர்ந்த பிள்ளைக்கு யார் சான்று? போகட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று விட்டவர்களே அதிகம் இருப்பார்கள் என்பது நம் ஊகம். வாக்கெடுப்புகளில் வாக்களிக்காமல் வீட்டில் இருப்பவர்களின் மனநிலையும் அநேகமாக இதுதான்.

விலை பின்னால் வந்தது. 1968-இன் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1969 மே கலவரத்துக்குப் பிறகு கடுமையாக அமலானது. குடியுரிமை பெறாத சிவப்பு அடையாள அட்டைக்காரருக்கு வேலை பெர்மிட் கட்டாயமாயிற்று. சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். அதற்கு முன்பே வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியிருந்தார்கள். மெர்டேக்காவுக்கு அந்த முதலாளிகளின் எதிர்வினை அதுதான்: விற்றுவிட்டுப் போய்விடுவது. ம.இ.கா. தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கிப் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கியது அந்த எதிர்வினைக்கு நாம் கொடுத்த பதில். பதில் கொஞ்சம் சிறியது. ஆனாலும் கொடுத்தோம்.

இதே கதையைப் புதுச்சேரிக்காரர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள். 1954 அக்டோபர் 18-இல் கீழூரில் 178 பிரதிநிதிகள் கூடினார்கள். இந்தியாவோடு சேர 170 பேர் சம்மதித்தார்கள், 8 பேர் மறுத்தார்கள். மக்கள் அத்தனை பேருக்காகவும் அந்த 178 பேர் வாக்களித்ததோடு பொதுவாக்கெடுப்பு முடிந்தது. 1962 ஆகஸ்டில் சட்டப்படி இணைப்பு நிறைவேறியபோது, பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர் வீட்டுக்குப் பென்ஷன் வந்தது, பிள்ளைகள் பாரிஸ் போனார்கள். கொடுக்காதவர் வீட்டில் அதைப் பற்றிய பேச்சு இன்னும் ஓயவில்லை. அங்கும் உண்மையான வாக்கு படிவத்தில்தான் விழுந்தது. இலங்கையின் மலையகத் தமிழருக்கு அதுகூட வாய்க்கவில்லை. 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று முதலில் எண்ணிக்கையை எழுதிவிட்டு, ஆளைப் பிறகு தேடினார்கள்.

அதனால்தான் உலகில் எங்கேயாவது வாக்கெடுப்பு முடிந்து விழுக்காடு வெளியாகும்போது, நம் ஊர்ச் சாப்பாட்டுக் கடைகளில் எழும் ஆரவாரத்தில் இந்த இதழால் முழு மனதோடு கலந்துகொள்ள முடிவதில்லை. 2009, 2010-இல் புலம்பெயர்ந்த ஈழத்தமிழர் நார்வேயிலும் கனடாவிலும் பிரிட்டனிலும் தாமே வாக்கெடுப்பு நடத்தி, நூற்றுக்கு 98-க்கு மேல் தனியீழத்துக்கு ஆம் என்றார்கள். மலேசியத் தமிழரில் பலர் நெஞ்சு நிமிர்த்தினோம். அந்த உணர்வில் குறையில்லை. ஆனால் வன்னியிலிருந்து வந்து மெனிக் பார்ம் முகாமில் அடைபட்டுக் கிடந்தவருக்கு அப்போது எந்தப் பெட்டியும் இல்லை. 1955-இல் இங்கே வாழ்ந்தவருக்கு வாக்கில்லை. ஈழத்தில் வாழாதவருக்கே வாக்கிருந்தது. நியூ கலிடோனியாவில் 2021-இல் 96 விழுக்காட்டினர் விடுதலை வேண்டாம் என்றதாகச் செய்தி படித்தோம். அத்தீவின் பூர்வகுடிகளான கனாக்குகளில் பெரும்பாலோர் அந்த வாக்கெடுப்பையே புறக்கணித்தார்கள் என்பதைப் பலர் படிக்கவில்லை. பாலத்துக்கு அப்பால் சிங்கப்பூரில் 1962 செப்டம்பர் 1-இல், மலாயாவோடு சேர மூன்று வழிகளைக் கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். சேர வேண்டாம் என்பதற்குக் கட்டமே இல்லை. நான்கில் ஒரு பங்குச் சீட்டு வெற்றாக விழுந்தது. எதிர்வினையைப் பெட்டிக்குள்ளேயே போட்ட சாமர்த்தியசாலிகள் அவர்கள்.

வெளியூர்க்காரருக்கு சிம்பாங் ரெங்கம் என்றால் அன்னாசியும் தடுப்பு முகாமும்தான் நினைவுக்கு வரும். 1969 அவசரச் சட்டத்தில் விசாரணையின்றிப் பிடிபட்டவர்களை வைத்திருந்த முகாம் அது. சிவப்பு அட்டைப் பெரியவர்கள் நம் வட்டாரத்திலும் உண்டு. அவர்களை யாரும் நினைப்பதில்லை. 2024 அக்டோபரில் மக்களவை ஏற்ற அரசமைப்புத் திருத்தம், வெளிநாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்க்கு நியாயம் செய்தது. அதே திருத்தம், இங்கே நிரந்தரவாசிகளுக்குப் பிறக்கும் குழந்தைக்குத் தானாகக் கிடைத்துவந்த குடியுரிமையை எடுத்துவிட்டது. முதல் பாதியை வரவேற்ற தமிழ்த் தலைவர்கள் இரண்டாம் பாதியைப் பற்றிப் போதிய அளவு பேசவில்லை என்பது நம் குறை.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறோம். வீட்டு அலமாரியில், தகரப்பெட்டியில், சாமிப்படத்தின் பின்னால் 1957-58 குடியுரிமைச் சான்றிதழ் இருந்தால் நகல் எடுத்து அனுப்புங்கள். யார் கையெழுத்திட்டார், யார் கைநாட்டு வைத்தார், எந்தத் தோட்டம், மனுவை நிரப்பிக் கொடுத்தது கிராணியா, தொழிற்சங்கத்துக்காரரா என்று நினைவிருப்பதை ஒரு பக்கத்தில் எழுதுங்கள். மனுப்போடாத வீடுகளும் எழுதலாம், அந்தப் பக்கங்களுக்கே முதலிடம். பெயர் போட வேண்டாம் என்றால் போட மாட்டோம். மூலச் சான்றிதழை மட்டும் தபாலில் அனுப்பிவிடாதீர்கள். பேரப்பிள்ளைகளுக்கு அது இன்னும் தேவைப்படலாம்.